பெர்க்ஸனின் காலமும் நம்முடைய தவ்பாவும்

1929-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அல்லாமா இக்பால் அவர்கள் சென்னைக்கு வருகை தந்து, சேட் ஜமால் முஹம்மது அவர்களின் முயற்சியால் ஏற்பாடாகியிருந்த சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார்கள். இஸ்லாமியச் சிந்தனையைப் புதுக்கி அமைப்பது பற்றிய அவ்வுரைகள், பின்னர் வேறு ஊர்களுக்கென எழுதப்பட்ட உரைகளுடன் சேர்ந்து, 1930-ல் லாகூரில் நூலாயின. சென்னையில் நிகழ்ந்த உரைகளுள் இரண்டாவதைப் படித்தவர்கள், பிரெஞ்சு நாட்டுத் தத்துவ அறிஞர் ஒருவருடைய பெயர் அதில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டிருப்பார்கள். ஹென்றி பெர்க்ஸன் என்பது அப்பெயர். அன்று தொட்டு நம்மவரிடையே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பொருள்முதல்வாதத்தை மறுத்துப் பேச எழுந்தவர், மேனாட்டு அறிஞர் பெர்க்ஸனே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஒரு வாக்கியம் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. அவர் எதனை ஒப்புக்கொண்டார், எந்த நூலில் ஒப்புக்கொண்டார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

ஆகவே அவருடைய முதல் பெருநூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் இருமுறை படித்தோம். அதில் நாம் நன்றியுடன் ஏற்க வேண்டிய பகுதியும் உண்டு. ஒரு முஸ்லிம் வாசகர் வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டிய பகுதியும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

பெர்க்ஸன் 1859-ல் பாரிஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை போலந்து நாட்டைச் சேர்ந்த இசைவாணர். தாய் இங்கிலாந்திலிருந்து வந்தவர். இந்நூலை எழுதியபோது அவர் பெரும் புகழ் பெற்ற பேராசிரியரல்லர். கிளர்மோன்-பெர்ரான் என்னும் ஊரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். முனைவர் பட்டத்திற்காக இரு ஆய்வுகளை அளித்தார். ஒன்று இலத்தீனில் எழுதிய சிறு நூல். அரிஸ்டாட்டில் ‘இடம்’ என்பதை எவ்வாறு கருதினார் என்பது அதன் பொருள். மற்றொன்றே 1889-ல் வெளியான இந்நூல். உணர்வுக்கு இடையீடின்றிக் கிட்டுவன பற்றிய ஒரு கட்டுரை என்று அதன் பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழாக்கலாம். 1910-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ‘காலமும் தன்விருப்பும்’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கியது. மத்ரஸாவில் ஹிக்மத் பாடத்தில் ‘மகான்’ என்றால் என்ன, ‘ஸமான்’ என்றால் என்ன என்று மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த இரு ஆய்வுகளும் ஒருங்கே பிறந்தது வியப்பளிக்காது. இடத்தைப் பற்றி நன்கு ஆராய்ந்த பின்னரே, அந்த இடம் காலத்தை எவ்வாறு விழுங்கிவிட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது.

முதல் அத்தியாயத்தை விரைந்து கடந்துவிடலாம். துன்பத்தையும் இன்பத்தையும் அளவுகோல் வைத்து அளந்துவிட முடியும் என்று ஃபெக்னர் முதலான ஜெர்மானிய ஆய்வாளர்கள் அந்நாளில் நம்பினர். பெர்க்ஸன் அதை மறுக்கிறார். துயரம் மிகுகிறது என்றால் ஒரு மூட்டையின் மேல் மற்றொரு மூட்டை ஏறுவதுபோல் மிகுவதில்லை. அது நம் எண்ணங்கள் அனைத்திலும் பரவி, அவற்றின் நிறத்தையே மாற்றுகிறது என்கிறார். இதைச் சொல்ல அவருக்கு எழுபது பக்கங்களுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. துக்கத்தை அனுபவித்த எந்தத் தாய்க்கும் ஒரு வரி போதும்.

நூலின் உயிர் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எண்ணுதல் என்றால் என்ன என்ற எளிய வினாவுடன் அது தொடங்குகிறது. ஐம்பது ஆடுகளை எண்ணுகிறோம் என்றால், அவற்றை மனத்திலேனும் பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்கிறோம். நிறுத்துவதற்கு ஓர் இடம் வேண்டும். ஆகவே எண் என்று சொன்னாலே இடம் அங்கு வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். நமக்கு உடனே நினைவுக்கு வந்தது தஸ்பீஹ் மணிதான். முப்பத்து மூன்று மணிகளும் நூலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. விரல் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செல்கிறது. ஆனால் நாவும் உள்ளமும் சொல்லும் திக்ரு அப்படிப் பக்கம் பக்கமாக இருக்கிறதா? முப்பதாவது முறை சொல்லும்போது முன் சொன்ன இருபத்தொன்பதும் எங்கோ ஒதுங்கி நிற்கவில்லை. அவை முப்பதாவதற்குள் கரைந்து அதற்குக் கனம் சேர்த்திருக்கின்றன. இவ்வாறு ஒன்றில் ஒன்று ஊடுருவி, பிரிக்க முடியாததாய், திரும்பி வராததாய் ஓடும் உட்காலத்தையே பெர்க்ஸன் உண்மையான காலம் என்கிறார். அவருடைய சொல்லை ‘நீடிப்பு’ என்று நாம் தமிழாக்கிக் கொள்வோம். கடிகாரம் காட்டுவதோ அந்த நீடிப்பின் மீது இடத்தின் நிழல் விழுந்து உண்டான போலி என்பது அவர் முடிவு.

ரமலானில் பாங்குக்கு முந்திய கால்மணி நேரத்தையும், மற்ற மாதங்களில் அதே கால்மணி நேரத்தையும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முள் நகரும் தூரம் ஒன்றே. நோன்பாளி கடக்கும் காலம் வேறு. பெர்க்ஸன் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார். உலகின் இயக்கங்கள் அனைத்தும் திடீரென இருமடங்கு விரைவு பெற்றாலும் வானநூலாரின் கணக்கில் ஓர் எண்கூட மாறாது. ஆனால் உயிருள்ள உள்ளம் தான் வாழ்ந்த நாள் குறுகிவிட்டதை உணரும் என்கிறார். கணக்கில் வராத ஒன்று மனிதனிடம் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர் எவரையும் நாம் அறியோம்.

கிரேக்க நாட்டு ஸீனோவின் புதிரையும் அவர் இவ்வாறே அவிழ்க்கிறார். ஆமையைத் துரத்தும் அக்கிலீஸ் ஒருபோதும் அதை எட்ட முடியாது என்பது புதிர். கடந்த தூரத்தைத் துண்டு போடலாம், கடத்தல் என்னும் செயலைத் துண்டு போட முடியாது. அக்கிலீஸின் ஒவ்வோர் அடியும் பிளவுபடாத ஒரு செயல் என்பது விடை. ‘ஷரஹுல் அகாயித்’ பாடத்தில், பிரிக்க முடியாத அணு உண்டா இல்லையா என்று உஸ்தாதின் முன் அமர்ந்து விழி பிதுங்கிய நாட்களை இப்பக்கங்கள் நினைவூட்டின. நம்முடைய அஷ்அரி இமாம்கள் காலத்தையும் கணங்களாகப் பகுத்தவர்கள்; ஒரு பண்பு இரு கணங்கள் நிலைக்காது என்றவர்கள். பெர்க்ஸனின் கத்தி அவர்கள் மீதும் படுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இக்பால் அவர்களும் இதே காரணத்தால் அஷ்அரிகளைக் குறை கூறினார்கள். ஆனால் மணிகளாக உதிர்ந்த காலத்தைச் சொன்ன அந்த இமாம்கள் மனித உள்ளத்தின் அனுபவத்தை வருணிக்க முற்படவில்லை. ஒவ்வொரு கணத்திலும் படைப்பு தன்னைப் படைத்தவனின் நாட்டத்தால் மட்டுமே நிற்கிறது என்று காட்டுவதே அவர்கள் கருத்து.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். காலத்தை இடத்தைப் போலக் கற்பனை செய்வது மனத்தின் பழக்கம் என்னும் எண்ணம் 1889-ல் பிறந்ததன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாபுத்துல் ஃபலாஸிஃபா’வின் முதல் விவாதத்திலேயே அதைக் கையாள்கிறார்கள். உலகின் எல்லைக்கு அப்பால் மேலும் வெளி இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிப்பது எப்படி வெறும் ‘வஹ்மோ’, அப்படியே உலகம் படைக்கப்படுமுன் ஒரு ‘முன்’ நீண்டு கிடந்ததாக எண்ணுவதும் வஹ்ம் என்று காட்டுகிறார்கள். பெர்க்ஸன் அந்நூலைப் படித்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்று மார்தட்டும் கூட்டத்தில் சேரவும் நமக்கு விருப்பமில்லை. அன்றியும் இருவர் சென்ற திசை வேறு. இடம், காலம் இரண்டையும் ஒருசேரப் படைப்பின் வரம்புக்குள் அடக்கினார்கள் இமாம் அவர்கள். இடத்தைக் கீழிறக்கிக் காலத்தை மட்டும் அரியணை ஏற்றினார் பெர்க்ஸன். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த அரியணை எத்துணை உயரமாகிவிடக் கூடும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1930-களின் தொடக்கத்தில் இக்பால் அவர்கள் பாரிஸில் பெர்க்ஸனைச் சந்தித்தார்கள். காலத்தை ஏசுவதைத் தடுத்து, அல்லாஹ்வே ‘தஹ்ர்’ என்று கூறும் ஹதீஸை இக்பால் எடுத்துரைத்ததும், அப்போது நோயால் தளர்ந்திருந்த பெர்க்ஸன் வியப்பு மேலிட நாற்காலியை விட்டு எழ முயன்றார் என்று இக்பாலின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். கேட்க இனிய செய்திதான். ஆனால் ஹதீஸ் பயின்றவன் அங்கே சற்று நிற்க வேண்டும். இரவையும் பகலையும் புரட்டுபவன் தானே என்று இறைவன் கூறுவதாக அதே ஹதீஸின் மற்றோர் அறிவிப்பு விளக்குகிறது. துன்பம் வந்தபோது அறியாமைக் கால அரபிகள் காலத்தைத் திட்டினார்கள். அத்துன்பத்தை நிகழ்த்தியவன் காலமன்று என்பதே அங்குக் கருத்து என்று விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் எழுதியிருக்கிறார்கள். காலமே இறைவன் என்று பொருள் கொண்டால் பெர்க்ஸன் மகிழலாம்; நமக்கு ஆகாது. அல்லாமா அவர்களின் மீது நமக்குள்ள மதிப்பு பெரிது. உண்மையான காலத்தை உணரும் ‘தான்’ இல்லாமல் காலம் மட்டும் தனித்து முந்தி நிற்க முடியாது என்று அவர்களே பெர்க்ஸனைத் திருத்தியதையும் மறக்கவில்லை. எனினும் ஹதீஸின் பொருள் எவருடைய மதிப்பைக் கொண்டும் மாறுவதன்று.

இனி, கடிகாரக் காலம் போலி என்னும் கூற்று. சமூக வாழ்வின் வசதிக்காகவும் பேச்சின் வசதிக்காகவும் நாம் காலத்தை வெட்டி அடுக்கிக் கொள்கிறோம், அதனால் நம்முடைய ஆழ்ந்த ‘தான்’ மறைந்து மேலோட்டமான ஒரு ‘தான்’ நம் பெயரில் வாழ்கிறது என்கிறார் பெர்க்ஸன். நம் ஷரீஅத்தையே எடுத்துக்கொள்வோம். அஸருடைய வக்து எப்போது என்றால் நிழலை அளக்கச் சொல்கிறது. ஒரு மடங்கா இரு மடங்கா என்பதில் ஷாஃபிகளும் ஹனஃபிகளும் வேறுபடுகிறார்கள். காலத்தைத் தரையில் கோடாக அளப்பது இதைவிட வெளிப்படையாக எங்கும் இல்லை. பெர்க்ஸனின் தராசில் இது உள்ளத்தின் வீழ்ச்சியாகவே படும்.

இத்தாவைக் கருதுவோம். கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள். அச்சொல்லே எண்ணுதல் என்னும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. துயரத்தை எண்ணால் அளக்க முடியாது என்று முதல் அத்தியாயத்தில் பெர்க்ஸன் நிறுவியதை நாம் ஒப்புக்கொண்டோம். அப்படியானால் இந்த எண் எதற்கு? நம் வீடுகளில் இத்தா இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறோம். சிலருக்கு நான்கு மாதம் பத்து நாளில் கண்ணீர் வற்றிவிடுகிறது. சிலருக்கு நாற்பது ஆண்டுகள் ஆனாலும் வற்றுவதில்லை. ஷரீஅத் இருவருக்கும் ஒரே கணக்கைத்தான் சொன்னது. துயரத்தை அளப்பதற்காக அன்று; வயிற்றில் பிள்ளை இருந்தால் தெரிய வேண்டும், அப்பிள்ளையின் உரிமை நிற்க வேண்டும், அவளை ஊரார் அவசரப்படுத்தவும் கூடாது, அடைத்தே வைத்திருக்கவும் கூடாது என்பதற்காக. உள்ளம் ஆறிய பிறகு வெளியே வா என்று அவளிடம் சொல்லியிருந்தால், ஆறியதா இல்லையா என்று தீர்ப்பளிக்க மாமியாரும் மைத்துனரும் வந்து நின்றிருப்பார்கள். எண் அவளைக் காப்பாற்றியது. கடன் தவணையும், கூலி நாளும், ஸகாத்தின் ஆண்டுக் கணக்கும் இப்படித்தான். என் நீடிப்பு எனக்கு. எனக்காகக் காத்திருப்பவனுடைய ஹக்கு நாள்காட்டியில் இருக்கிறது. இந்நூல் முழுவதிலும் மனிதன் தன்னந்தனியாக இருக்கிறான். அவன் ஓர் இசையைக் கேட்கிறான். ஒரு ரோஜாவை முகர்ந்து தன் இளமையை நினைக்கிறான். யாருக்கும் கடன்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாம் அத்தியாயம் மனிதனின் தன்விருப்பைப் பற்றியது. ஜப்ரு, கத்ரு என்று நம்முடைய முன்னோர்கள் நூற்றாண்டுகள் விவாதித்த அதே களம். பெர்க்ஸன் இரு தரப்பையும் ஒருசேரக் கண்டிக்கிறார். மனிதன் ஒரு பாதையில் வந்து, இரு கிளை பிரியும் இடத்தில் நின்று, ஒன்றைத் தேர்கிறான் என்று இரு தரப்பாரும் தாளில் கோடு வரைகிறார்கள். விருப்புண்டு என்பவர் மற்றைக் கிளையிலும் சென்றிருக்கலாம் என்கிறார், இல்லை என்பவர் சென்றிருக்க முடியாது என்கிறார். வரைந்த கோடே பிழை, ஏனென்றால் அது முடிந்த பயணத்தின் படம், நடக்கும் பயணத்தின் படமன்று என்பது அவர் மறுப்பு. மிக அருமையான பகுதி இது. ஒரு மனிதன் நாளை என்ன செய்வான் என்பதை மற்றொருவன் முற்றும் அறிய வேண்டுமானால் அவனாகவே ஆகி அவன் வாழ்வை வாழ்ந்து தீர்க்க வேண்டும், அதற்குக் குறைந்த எதனாலும் அறிய முடியாது என்றும் காட்டுகிறார். படைப்புக்குப் படைப்பு இது உண்மையே. அல்லாஹ்வின் இல்முக்கு இவ்வரம்பு இல்லை என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. நாம் நினைவில் வைத்தால் போதும்.

ஆயின் அவர் கூறும் விடுதலைதான் என்ன? ஒரு செயல் மனிதனின் முழு உள்ளத்திலிருந்தும், அவன் கடந்த காலம் அனைத்தும் திரண்டு பழுத்ததிலிருந்து, மிகக் கனிந்த கனி காம்பிலிருந்து கழன்று விழுவது போல விழுந்தால் அதுவே விடுதலையுள்ள செயல் என்கிறார். மற்றவையெல்லாம் பழக்கத்தின் விளைவுகள். காலையில் மணி அடித்ததும் எழுந்து வேலைக்குச் செல்லும் மனிதன் ஓர் இயந்திரம் என்கிறார். விடுதலையுள்ள செயல்கள் அரியன. பலர் அதை அறியாமலேயே வாழ்ந்து மறைகிறார்கள் என்பதும் அவர் கூற்று. அறிவைத் தூண்டாமல் நினைவாற்றலை மட்டும் நிரப்பும் கல்வியும் உள்ளத்தின் மேல் இப்படியோர் ஒட்டுண்ணியை வளர்க்கிறது என்று அங்கேயே ஓர் அடி அடிக்கிறார். பிள்ளைகளுக்கு மனனம் செய்வித்தே முடி நரைத்த நமக்கு அந்த அடி வலிக்கவே செய்தது. நியாயமான அடிதான். ஓதிய பிள்ளை ஓதியதற்குப் பொருள் அறியாமலேயே வளர்ந்து விடுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஆனால் பொருள் புரியுமுன் நெஞ்சில் போய் அமர்ந்த ஒரு வசனம், முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவனைப் பிடித்து உலுக்குவதும் உண்டு.

இங்கேதான் நம்முடைய பெரிய மறுப்பு. முழு உள்ளத்திலிருந்து பிறந்தது மட்டுமே என் செயல் என்றால், கவனமின்றி நாவிலிருந்து விழுந்த புறம் யாருடையது? அரை நினைவில் குறைத்து நிறுத்த தராசு யாருடையது? நம் பாவங்களில் மிகப் பெரும்பாலானவை ஆழத்திலிருந்து பழுத்து விழுந்த கனிகளல்ல. ‘கஃப்லத்’ என்னும் பொடுபோக்கில், பழக்கத்தில், மேலோட்டமாகச் செய்தவை. பெர்க்ஸனின் கணக்குப்படி அவை விடுதலையற்றவை, விடுதலையற்றதற்கு வருந்துவானேன்? தவ்பா செய்பவனோ அந்த அற்பச் செயலையும் தன்னுடையது என்று ஏற்கிறான். அது நான் செய்தது என்கிறான். அதை விட்டுத் திரும்புகிறேன் என்கிறான். இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘இஹ்யா’வில் தவ்பாவை அறிவு, அதனால் எழும் வருத்தம், அதனால் எழும் செயல் என்று விளக்கி, அச்செயல் மூன்று காலங்களையும் தொடுகிறது என்கிறார்கள். இப்போது பாவத்தை விடுவதும், இனிச் செய்யேன் என்று உறுதி கொள்வதும், சென்றதில் ஈடுசெய்யக் கூடியதை ஈடுசெய்வதும் அதில் அடங்கும். ஈடுசெய்வது என்றால் யாரிடம் எவ்வளவு என்று எண்ணியாக வேண்டும். ‘முஹாஸபா’ என்று நம் பெரியோர் பெயரிட்டதே கணக்குப் பார்த்தலைத்தான். உள்ளத்தில் எண்ணுக்கு இடமில்லை என்றவரிடம் இதற்கு இடமில்லை.

பெர்க்ஸனுக்கு நாம் அநீதி இழைக்கக் கூடாது. சில நெருக்கடிகளில், நாம் தேடி வைத்த நியாயங்கள் அனைத்தையும் உடைத்துக்கொண்டு ஆழத்து உள்ளம் பொங்கி எழுவதை அவர் உணர்ச்சியோடு எழுதுகிறார். வழிப்பறிக் கொள்ளையராக இருந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்கள், தாம் விரும்பிய பெண்ணை நாடி ஓர் இரவு சுவரேறும்போது, உள்ளம் இளகும் நேரம் பற்றி வினவும் ஹதீத் அத்தியாயத்து வசனத்தை எவரோ ஓதக் கேட்டுத் திரும்பிய வரலாற்றை அவரிடம் சொல்லியிருந்தால், ஆம், நான் சொன்னது இதுதான் என்றிருப்பார். ஆனால் அவருடைய விளக்கத்தில் பொங்கி எழுவதும் அம்மனிதனுக்குள் முன்பே திரண்டிருந்ததுதான். ஃபுளைலின் கடந்த காலத்தில் திரண்டிருந்தது கொள்ளை. வசனம் வெளியிலிருந்து வந்தது, வேறொருவர் நாவிலிருந்து. திரும்பிய பின் அவர்கள் உள்ளொளியில் திளைத்து அமர்ந்துவிடவில்லை. தாம் பறித்தவர்களைத் தேடித் தேடிச் சென்று பொறுத்தல் கேட்டார்கள் என்று ‘தத்கிரத்துல் அவ்லியா’ கூறுகிறது.

பெர்க்ஸனின் பிற்கால வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இந்நூலையும் இதற்குப் பின் வந்த இரு நூல்களையும் 1914-ல் ரோமாபுரித் திருச்சபை தடைப் பட்டியலில் சேர்த்தது. எனினும் அவருடைய சிந்தனை ஆண்டுக்காண்டு கத்தோலிக்க சமயத்தை நெருங்கிச் சென்றது. 1937-ல் எழுதிய உயிலில் அதை அவரே சொல்கிறார். யூதர்களுக்கு எதிரான பெரும் பகை அலையொன்று உலகின் மீது எழப் போவதைக் கண்டிராவிட்டால் தாம் மதம் மாறியிருப்பதாகவும், நாளை துன்புறுத்தப்படப் போகிறவர்களோடு இருக்கவே விரும்பியதாகவும் அதில் எழுதியிருக்கிறார். ஜெர்மானியர் பிடித்திருந்த பாரிஸில் 1941 ஜனவரியில் இறக்கும்வரை அந்த முடிவிலேயே நின்றார். அவருடைய சமய நாட்டம் நம்முடையதன்று. ஆனால் அவர் நூலின் கணக்குப்படி பார்த்தால், பல்லாண்டு பழுத்து வந்த கனி ஒன்று காம்பில் கழலும் நிலையில் இருந்தது. அதைக் கையால் தாங்கி மரத்திலேயே நிறுத்தி வைத்தார், மற்றவர்களுக்குப் பட்ட கடன் ஒன்றை எண்ணி.